வாங்க வராத கட்டைகள்

எங்கள் ஊரில் துப்பாக்கிக் கடை ஒன்றுதான். அதற்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் வழி தெரியாது. 'நாளைக்காரர் கடை' என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். மற்றக் கடைகளில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று எழுதி வைத்திருப்பார்கள். இவர் இன்றைக்கு ரொக்கத்தை நீட்டினாலும் "நாளைக்கு வாங்க" என்பார். உயிரை எடுக்க எமன் வந்தாலும் இவர் நாளைக்கு வரச் சொல்லித்தான் திருப்பி அனுப்புவார் என்று ஊரில் ஒரு கேலி.

அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம்தான். என் அப்பாவும் சித்தப்பாவும் இன்றைக்கு ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்து நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்கள் என்றால், அதற்கு அவர் காரணம். இது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு யாரிடமாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயால் சொன்னால் நடுவிலேயே நான் வேறு எங்காவது போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன்.

பள்ளி முடித்ததிலிருந்து நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். அடுத்து என்ன செய்வது என்று முடிவாகவில்லை. வாரத்துக்கு ஒரு முடிவு எடுக்கிறேன், அது அந்த வாரத்தோடு போய்விடுகிறது. எங்கள் கடைக்கும் நாளைக்காரர் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். இப்போது சொல்லப் போவதில் பாதி அந்தத் தடுப்பு வழியாகக் கேட்டது.

துப்பாக்கிக் கடை என்றால் வெடிமருந்து வாசனை வரும் என்று நினைப்போம். அங்கே வருவது தச்சுப் பட்டறை வாசனை. மரத்தூள், எண்ணெய், உப்புத்தாள். முன்பக்கம் கம்பி போட்ட கண்ணாடி அலமாரியில் துப்பாக்கிகள் பூட்டிக் கிடக்கும். பின்பக்கம் ஒரு நீளப் பெஞ்சு. அதில்தான் அவர் நாள் முழுக்க நிற்பார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்க விட்டிருப்பார். இழைப்பு இயந்திரம் இடது கையில் இரண்டு விரல் நுனியைச் சாப்பிட்டுவிட்டது. யாராவது அதை உற்றுப் பார்த்தால், "மரத்துக்கு என் மேல அவ்வளவு ஆசை" என்பார். கல்லாவில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். நாங்கள் கடைக்காரம்மா என்போம்.

அவருடைய சொந்தத் தொழில் தச்சு. கதவும் ஜன்னலும் செய்துகொண்டிருந்தவர். கடை மாமனாருடையது. மாமனார் பெட்டியில் வந்த துப்பாக்கியை அப்படியே விற்பார். வாங்கியவர்கள் இரண்டு நாளில் தோள்பட்டை கன்றிப்போய் வருவார்கள், குறி தப்புகிறது என்பார்கள். மருமகன் அதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டாராம்: "சட்டைக்கு அளவு எடுக்கிறோம், செருப்புக்கு அளவு எடுக்கிறோம். தோள்ல வந்து இடிக்கிற சாமானுக்கு அளவு வேண்டாமா மாமா?"

மாமனாருக்குப் பிறகு கடை இவர் கைக்கு வந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம். துப்பாக்கியில் தோளில் வைக்கிற மரப் பகுதிக்குக் கட்டை என்று பெயர். வாங்குகிறவரின் கை நீளம், கழுத்து, கன்னம் எல்லாம் அளந்து, அந்த அளவுக்குக் கட்டையைச் செதுக்கி, எண்ணெய் பூசிக் காயவைத்து, மறுபடி பூசிக் காயவைத்து, அதற்குப் பிறகுதான் துப்பாக்கியை வெளியே விடுவார். இதற்கு இரண்டு வாரம் ஆகும். அதுவரை எத்தனை முறை வந்து கேட்டாலும் ஒரே பதில்: "எண்ணெய் காயல. நாளைக்கு வாங்க."

சட்டப்படி அவர் இப்படிக் காக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்போது லைசென்ஸைக் காட்டினால் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போகலாம். லைசென்ஸும் பெரிய விஷயம் இல்லை. ஊரைச் சுற்றி வயல், வயலைச் சுற்றிக் காடு, காட்டில் பன்றி. அதனால் பாதி வீடுகளில் லைசென்ஸ் இருந்தது. அப்பா ஒரு பழக் கோடவுனில் மேற்பார்வையாளர். கோடவுன் காவலுக்காக எப்போதோ வாங்கிய லைசென்ஸ் அவரிடமும் இருந்தது, துப்பாக்கி இல்லாமல்.

இனி அந்தச் சண்டையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே வீடாக இருந்து நடுச்சுவர் வைத்து இரண்டானவை. மொட்டை மாடியில் தண்ணீர் டாங்க் மட்டும் பொது. சித்தப்பா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நான்கு வருடங்களுக்கு முன் அவர் தன் பக்கக் குழாயில் ஒரு மோட்டாரை மாட்டினார். எங்கள் பக்கம் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அப்பா கேட்டார். சித்தப்பா பதில் சொன்னார். அம்மா நடுவில் பேசினாள். சித்தி அதற்கு மேல் பேசினாள். கடைசியில் சித்தப்பா கையில் ஸ்பேனரோடு அப்பாவைத் தள்ளிவிட்டார். அப்பா வாசல்படியில் விழுந்தார். மூக்குக் கண்ணாடி உடைந்தது. தெருவே நின்று பார்த்தது. அப்பாவுக்கு அடியைவிட அந்தப் பார்வைதான் வலித்தது என்று நினைக்கிறேன். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு மாதம் இரண்டு வீடும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு டாங்க் விரிசல் விட்டு இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் நின்றது. ஒரு பிளம்பர் வந்தார். அவர் செய்த வேலையில் கழிவுக் குழாயில் நல்ல தண்ணீரும் நல்ல குழாயில் ஒன்றுமில்லாமலும் போயிற்று. அப்பா அவரைத் திட்ட ஆரம்பித்தார். வாக்கியத்தைச் சித்தப்பா முடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து அந்த மனிதரைத் தெருமுனை வரைக்கும் துரத்தித் திட்டினார்கள். திரும்பி வரும்போது பேசிக்கொண்டே வந்தார்கள். அண்ணன் தம்பி சேர்ந்த கதை இவ்வளவு அசடாக இருக்கிறது என்று நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன்.

எங்கள் நகர மன்றம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. துப்பாக்கி வாங்குகிறவர் பத்து நாள் காத்திருந்துதான் எடுத்துப் போக வேண்டும். வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறு பூட்டிலும் இருக்க வேண்டும். லைசென்ஸ் கொடுக்கும் முன் பயிற்சி வேண்டும், வீட்டில் இருக்கிற இன்னொருவரிடமும் தனியாக விசாரிக்க வேண்டும். ஓட்டெடுப்புக்கு முன் ஊர்க்கூட்டம் ஒன்று என்று அறிவித்தார்கள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. சலூனில் பாதி மழித்த முகத்தோடு ஒருவர் எழுந்து போய்விட்டார் என்று கேள்வி. எங்கள் ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கத்து நோட்டீஸும் நான்தான் எடுத்தேன். சித்தப்பா ஒரு பக்கத்துக்குத் தலைவர் மாதிரி ஆகிவிட்டார். "என் வீட்டு அலமாரிக்கு இவனுங்க யாருடா பூட்டுப் போடறதுக்கு?" என்று மாடியிலிருந்து கத்துவார். அவரிடம் துப்பாக்கியே கிடையாது. அப்பா எதுவும் பேசவில்லை. இந்தப் பேச்சு வந்தாலே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் மத்தியானம் பயிர்க் காவல் சங்கத்தின் செயலாளர் நாளைக்காரர் கடைக்கு வந்தார். ஊரில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் அநேகமாக எல்லாரும் அந்தச் சங்கம். நான் காகித அடுக்கைச் சரிசெய்கிற மாதிரி தடுப்பருகே நின்றேன்.

"அண்ணே, கூட்டத்துல நீங்க நம்ம பக்கம் பேசணும்."

"எந்தப் பக்கம்?"

"என்ன கேள்வி இது? துப்பாக்கி விக்கிறவர் துப்பாக்கிப் பக்கம்தானே."

"நான் ஏற்கெனவே ரெண்டு வாரம் நிறுத்தித்தானே கொடுக்கிறேன். பத்து நாளுக்கு எதிரா நான் எந்த வாயை வெச்சுக்கிட்டுப் பேசறது?"

"அது உங்க தொழில் சுத்தம். பிடிக்காதவன் வேற கடைக்குப் போவான். சட்டம்னா எல்லாரையும் கட்டும்ல?"

உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"பேசாட்டிக்கூடப் பரவாயில்லை" என்றார் செயலாளர். "எதிரா பேசினீங்கன்னா எங்க ஆளுங்க ஒருத்தரும் உங்க படி ஏற மாட்டாங்க. பக்கத்து ஊர்ல கடை இருக்கு. நான் மிரட்டலை, நடக்கப் போறதைச் சொல்றேன்."

அவர் போன பிறகு கடைக்காரம்மா கேட்டார், "என்ன செய்யப் போறீங்க?"

"நாளைக்குச் சொல்றேன்."

"எங்கிட்டயுமா?" என்றார் கடைக்காரம்மா.

கூட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நான் படித்த பள்ளியின் பெரிய ஹாலில். நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். அப்பாவும் அம்மாவும் நானும் ஒரு வரிசை. சித்தப்பா முன்வரிசையில், சங்கத்தாரோடு. மேடையில் மன்றத் தலைவி.

செயலாளர் நன்றாகவே பேசினார். பன்றி பத்து நாள் காத்திருக்குமா என்று கேட்டார். ஒரே இரவில் ஒரு வருடப் பாடு போகும் என்றார். தப்புச் செய்கிறவன் சட்டத்தைப் படித்துவிட்டா செய்கிறான் என்றார். சித்தப்பா எல்லாரையும்விட சத்தமாகக் கை தட்டினார்.

பிறகு கோழிப்பண்ணை அக்கா எழுந்தார். ஊருக்கு வெளியே தனியாகப் பண்ணை வைத்திருப்பவர். "நான் ஒண்டியா இருக்கேன். யாராவது என்னை மிரட்டினா, பத்து நாள் யார் எனக்குக் காவல்? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அவர் கத்தவில்லை. அதனால் ஹால் அமைதியானது. எனக்கு அது சரியான கேள்வியாகத்தான் பட்டது, இப்போதும் படுகிறது.

அப்போது நாளைக்காரர் எழுந்தார். தோளில் ஒரு சாக்கு. மேடைக்குக் கீழே இருந்த மேஜை மேல் அதை அவிழ்த்துக் கொட்டினார். எல்லாம் கட்டைகள். துப்பாக்கி இல்லாத வெறும் கட்டைகள். சில கறுத்துப் போயிருந்தன, சில பளபளவென்று இருந்தன.

"அந்த அக்கா கேட்டதுக்கு எங்கிட்டப் பதில் இல்லை" என்று ஆரம்பித்தார். "அவங்களுக்குச் சட்டத்துல தனியா ஒரு வழி வைக்கணும். அது பெரியவங்க யோசிக்க வேண்டியது. எனக்குத் தெரிஞ்சது மரம். அதை மட்டும் சொல்றேன்."

பிறகு கட்டைகளைக் காட்டினார். "இதெல்லாம் அளவு கொடுத்துட்டு வாங்க வராதவங்க கட்டை. எங்க கடைப் பரண்ல கிடந்துச்சு. விறகு சேர்க்கறீங்களான்னு வீட்டம்மா தினம் திட்டும். எனக்கும் முதல்ல எரிச்சல்தான். இவ்வளவு பாடுபட்டுச் செதுக்கறோம், வராம போறானேன்னு. கொஞ்ச வருஷம் கழிச்சுத்தான் ஒண்ணு புரிஞ்சுது. பன்னிக்கு வாங்கறவன் கட்டை வாங்க வந்துடறான். நிதானமா வர்றான், எடை பார்க்கிறான், பேரம் பேசறான், என்னைத் திட்டறான், வாங்கிட்டுப் போறான். இப்போவே கொடு, இன்னைக்கே கொடு, எது இருந்தாலும் கொடுன்னு நின்னானே, அவன்தான் வரலை. இந்தச் சாக்கு முழுக்க அவசரக்காரங்க."

ஹாலில் யாரோ இருமினார்கள்.

"என் கடைக்கு வர்றவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேர் நல்லவங்க. மீதி ரெண்டு பேரும் நல்லவங்கதான். அன்னைக்கு ஒருநாள் மட்டும் நல்லா இல்லை. அந்த ஒருநாளைத் தாண்டிட்டாங்கன்னா போதும். நான் எண்ணெய் காயணும்னு சாக்கு சொல்லித் தாண்ட வைக்கிறேன். எல்லாக் கடைக்காரனும் தச்சனா இருக்க மாட்டான். அதனால சட்டம் சொன்னா நல்லதுன்னு நினைக்கிறேன்."

செயலாளர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனால் மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணே, வராதவங்க எல்லாம் மனசு மாறிட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அலுத்துப் போய் வேற கடையில வாங்கியிருப்பாங்க. ஒருத்தர் பேரைச் சொல்லுங்க பார்ப்போம். ஒரே ஒருத்தர்."

நாளைக்காரர் ஒரு கட்டையை நேராக்கி வைத்தார். "பேர் சொல்ல மாட்டேன்" என்றார். "கடையில பேசினது கடையோட."

"அப்போ இது வெறும் விறகுதான்" என்றார் செயலாளர். முன்வரிசை சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார்.

நாளைக்காரர் அந்தச் சிரிப்பு நடுவே நின்ற விதம் எனக்கு மறக்காது. பதில் அவருக்குத் தெரியும். பதில் அந்த ஹாலிலேயே உட்கார்ந்திருந்தது. அதை விரல் நீட்டிக் காட்டினால் போதும், ஜெயித்துவிடுவார். அவர் கட்டைகளை ஒவ்வொன்றாக மறுபடி சாக்கில் போட ஆரம்பித்தார்.

என் பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. அப்பா எழுந்திருந்தார்.

"அதுல ஒண்ணு என்னுது" என்றார்.

அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் அந்தக் கையை எடுத்து மெதுவாக அவள் மடியில் வைத்துவிட்டு நடந்து போனார். சாக்குக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு கட்டையை வெளியே எடுத்தார். மேஜையில் கிடந்தவை எல்லாம் நேராக இருந்தன. அது ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

"எனக்கு வலது தோள், இடது கண்ணு. துப்பாக்கி வலது தோள்ல இருக்கும், குறி பார்க்கிறது இடது கண். அதுக்குக் கட்டையை வளைச்சுத்தான் செதுக்கணும்னு அன்னைக்கு இவர் சொன்னார். இந்த ஊர்ல இந்தக் கோணல் எங்கிட்டதான் இருக்கு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"நாலு வருஷம் ஆச்சு. நான் கேட்டது பன்னிக்கு இல்லை. யாருக்குன்னு சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சண்டையைத் தெருவே பார்த்துச்சு."

நான் சித்தப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.

செயலாளர் குரல் தாழ்ந்துவிட்டது. "வேற கடைக்குப் போயிருக்கலாமே சார். ஏன் போகலை?"

"கிளம்பினேன். மறுநாள் காலையிலேயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பஸ் வரலை. அங்க ஒரு ஆள் சின்னப் பையனுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டுக்கிட்டு இருந்தான். பார்த்துக்கிட்டே நின்னேன். அவ்வளவு தூரம் பஸ்ல உக்காந்து போகணுமான்னு தோணுச்சு. கோபம் அவ்வளவு தூரம் வராது செயலாளரே. நடந்து போற தூரத்துல கிடைச்சிருந்தா வாங்கியிருப்பேன். சத்தியமா வாங்கியிருப்பேன்."

அவர் கட்டையைச் சாக்கில் போடக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். சாக்குக்குள் இன்னொரு வளைந்த கட்டை இருந்தது. அதையும் எடுத்தார். இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தார். ஒரே வளைவு.

"ரெண்டு இருக்கே?" என்றார்.

நாளைக்காரர் உடனே சொன்னார், "முதல்ல செதுக்கினது விரிசல் விட்டுடுச்சு. அதான் இன்னொண்ணு."

பின்வரிசையில் கடைக்காரம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். தன் மரம் விரிசல் விட்டது என்று அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து அவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது. அப்பா இரண்டாவது கட்டையைக் கட்டை விரலால் மேலும் கீழும் தடவினார். பிறகு இரண்டையும் சாக்கில் வைத்தார்.

கூட்டம் அதற்கு மேல் நீளவில்லை. மன்றத் தலைவி எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்தார். வீட்டுக்கு நடந்தோம். எனக்கு வழி முழுக்க ஒரே நினைப்பு. நான் பள்ளிக்குப் போய், பரீட்சை எழுதி, தோழிகளோடு சிரித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்துக்கு அடியில் இப்படி ஒன்று கிடந்திருக்கிறது. அது வெடித்திருந்தால் அப்பா ஜெயிலில். சித்தப்பா எங்கே என்று யோசிக்க மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டதும் வாசலில் சித்தப்பா நின்றார். எப்போதும் தெருமுனையிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவர். பின்னால் சித்தி.

"அண்ணே."

"உள்ளே வா."

சித்தப்பா உள்ளே வரவில்லை. எந்தப் படியில் அப்பா விழுந்தாரோ அதே படியில் உட்கார்ந்தார். அப்பாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பெண்களும் கதவருகே நின்றோம்.

"அது விரிசல் விட்ட கட்டை இல்லை" என்றார் சித்தப்பா.

"தெரியும். தடவிப் பார்த்தேன்."

"நான் உனக்கு அடுத்த நாள் போனேன். நீ போனது தெரியாது. தள்ளிவிட்டது நான், ஆனா எனக்குத்தான் பயம். அண்ணன் சும்மா விட மாட்டான், அதுக்கு முன்னாடி நாம ஏதாவது கையில வெச்சுக்கணும்னு ஒரு பயம். பட்டறைக்குன்னு நம்ம அப்பா எடுத்துக் கொடுத்த லைசென்ஸ் இருந்துச்சு." சித்தப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சுவத்துல இருக்கிற ஆணியைக் காட்டிக் கட்டை விரலை நீட்டச் சொன்னார். ஒரு கண்ணை மூடு, இப்போ அடுத்த கண்ணுன்னார். அப்புறம் மனுஷன் முகமே மாறிப்போச்சு. உங்க வீட்ல வேற யாருக்காவது இந்தக் கண் உண்டான்னு கேட்டார். எங்க அண்ணனும் கோலி அடிக்க இடது கண்ணாலதான் குறி பார்ப்பான்னேன். கொஞ்ச நேரம் டேப்பைச் சுருட்டிக்கிட்டே நின்னார். சரி, இதுக்கு ஏத்த மரம் இப்போ ஈரமா இருக்கு, ஒரு மாசம் ஆகும்னு சொல்லிட்டார்."

அப்பா திரும்பித் தம்பியைப் பார்த்தார். பிறகு, "எனக்கு ரெண்டு வாரம்னுதான் சொன்னார்" என்றார்.

"நீ மூத்தவன்ல" என்றார் சித்தப்பா.

சித்தி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒரே நாள்ல வீட்டுக்கு வந்திருந்தா" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. உள்ளே போய்த் தட்டுகளை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. எப்போதும் வைப்பதைவிட இரண்டு தட்டு அதிகம்.

"அப்புறம் ஏன்டா மாடியிலேருந்து அந்தக் கத்துக் கத்தினே?" என்று அப்பா கேட்டார்.

"கத்தினா யாருக்கும் சந்தேகம் வராதுன்னு நினைச்சேன்."

"உனக்குச் சின்ன வயசுலேருந்தே இந்தப் புத்தி. திருடித் தின்னுட்டு நீயேதான் முதல்ல எறும்பைத் திட்டுவே."

சாப்பிடும்போது நான் சும்மா இருக்க முடியாமல் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துக் கட்டை விரலை நீட்டினேன். வலது கண்ணை மூடினேன், பிறகு இடது கண்ணை மூடினேன். இடது கண்ணை மூடியதும் விரல் ஆணியை விட்டு நகர்ந்தது. எனக்கும் அதே கண்தான். அப்பா பார்த்துவிட்டார். "சாப்பிடு" என்றார்.

மன்றம் அடுத்த வாரம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அப்படியே இல்லை. மிரட்டலில் இருப்பவர்கள் புகார் கொடுத்தால் அன்றைக்கே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும், அதுவரை காவலுக்கு ஆள் போட வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. அது கோழிப்பண்ணை அக்காவின் வரி. பயிர்க் காலத்தில் சங்கத்தின் பூட்டிய அறையிலிருந்து துப்பாக்கியைக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு வரி. அது செயலாளரின் வரி. இதெல்லாம் போதுமா என்று எனக்குத் தெரியாது. செயலாளர் சொன்னதில் ஒன்று இன்னும் மனதில் இருக்கிறது. தப்புச் செய்யத் தீர்மானித்தவனைப் பத்து நாள் தடுக்காதுதான். ஆனால் என் அப்பா தீர்மானித்தவர் இல்லை. தடுக்கி விழுந்த ஒருவர். அவரை மாதிரி ஆட்களுக்குப் பத்து நாள் ரொம்பப் பெரிய இடம்.

சங்கத்தார் சொன்னபடியே கொஞ்ச நாள் கடைப் படி ஏறவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் உப்புத்தாள் சத்தம்கூடக் குறைந்துவிட்டது. எனக்கு அது கேட்கக் கஷ்டமாக இருந்தது. பிறகு ஒரு காலையில் செயலாளரே வந்தார். பக்கத்து ஊரில் வாங்கிய துப்பாக்கி தோளைக் கன்ற வைத்துவிட்டதாம்.

"இதைக் கொஞ்சம் இழைச்சுக் கொடுங்க."

"விட்டுட்டுப் போங்க. பார்க்கிறேன்."

"எப்போ வர்றது?" என்று கேட்டுவிட்டு, "சரி சரி, சொல்லாதீங்க, எனக்கே தெரியும்" என்று அவரே சிரித்துக்கொண்டு போனார்.

நாங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு நாள் கடைக்குப் போனோம். அப்பாவும் சித்தப்பாவும் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக அங்கே வந்தார்கள். அம்மா பெரிய அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு எடுத்து வந்திருந்தாள். கடை சின்னது. ஐந்து பேர் நுழைந்ததும் மரத்தூளில்கூட நிற்க இடமில்லை.

அப்பா நன்றி சொல்ல ஆரம்பித்தார். நாளைக்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார்.

"நான் என்னங்க செஞ்சேன். எண்ணெய் காயல, அவ்வளவுதான்."

"அந்த ரெண்டு கட்டையையும் கொடுங்களேன்" என்றார் சித்தப்பா. "எங்க வீட்டு நடுச்சுவத்துல ஒரு வாசல் திறக்கலாம்னு இருக்கோம். கதவுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு கைப்பிடியா மாட்டிடுறேன். இந்த வளைவு கைக்கு நல்லா நிக்கும்."

நாளைக்காரர் பரணிலிருந்து இரண்டையும் எடுத்து வந்து பெஞ்சில் வைத்தார். துணியால் துடைத்தார். தடவிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"நாலு வருஷமா தூசில கிடந்திருக்கு. கைப்பிடின்னா வெயில் படும், கை வேர்வை படும். இன்னும் ஒரு கை எண்ணெய் கொடுக்கணும்."

நாங்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடைக்காரம்மா கல்லாவில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அப்போ நாளைக்கு வரணும்" என்றார் அப்பா.

"அடுத்த வாரம்" என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

அம்மா அடுக்குப் பாத்திரத்தைப் பெஞ்சின் மேல் வைத்து மூடியைத் திறந்தாள். "கட்டை எப்போ வேணா வரட்டும். சாப்பாடு நாளைக்குத் தாங்காது. இப்போவே கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

நாளைக்காரர் எட்டு முழு விரலும் இரண்டு அரை விரலும் கொண்ட அந்தக் கைகளில் இருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக் குழாயடிக்குப் போனார். சித்தப்பா கூடவே போய் அவருக்குக் குழாயைத் திறந்துவிட்டார்.